யார் வீட்டுப் பெண்?

வெள்ளாற்றின் தென்கரையில் உள்ள லெப்பைக்குடிக்காட்டிற்குச் செல்லும்போதெல்லாம் நாம் தங்குவது ஓர் அன்பர் இல்லத்தில். இருபது ஆண்டுகளுக்கு மேல் வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர் அவர். அவருடைய தந்தையார் மலாயாவில் கடையில் இருந்தவர். மூன்று தலைமுறையாகச் 'சபர்' என்னும் சொல்லோடு வாழ்ந்து வரும் குடும்பம். அவ்வூரில் இது புதுமையன்று. சென்ற முறை போயிருந்தபோது கூடத்து மேசையின்மீது வண்ணப் படங்கள் நிறைந்த கையேடு ஒன்று கிடந்தது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாண்டுச் செவிலியப் பட்டப்படிப்பு. வெளிநாட்டு மாணவியருக்கும் இடமுண்டு என்றிருந்தது. திருச்சியில் உள்ள முகவர் ஒருவர் கொடுத்தனுப்பியதாம். பிளஸ் டூவில் உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் பெற்ற இளைய மகளுக்காக அது வந்திருந்தது.

"அண்ணன், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியே அனுப்பலாமா?" என்று கேட்டார் அன்பர்.

உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. தூரத்தை எண்ணித் தயங்குகிறோம் என்று அவர் நினைத்திருக்கக் கூடும். நம் நினைவில் நின்றதோ வேறு. ஓராண்டுக்கு முன் அதே கூடத்தில் அதே பெண், பெரம்பலூரிலேயே நர்சிங் படிக்கிறேன் என்று கேட்டபோது அவர் சினந்து மறுத்தார். "ஊரார் மலஜலம் எடுக்கிற வேலைக்கா நம் வீட்டுப் பெண்?" என்று அன்று அவர் கேட்ட கேள்வி இன்னும் நம் காதில் இருந்தது. பெரம்பலூரில் மலஜலமாக இருந்தது இங்கிலாந்து சென்றதும் வேறொன்றாகி விடுமா?

இதை நாம் அவரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. அவர் நல்லவர், கடன் வைக்காதவர், தாயைக் கண்போலக் காப்பவர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் அந்த மூதாட்டியைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ள அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஓர் இளம்பெண் பஸ்ஸில் வந்து போகிறாள். முறையாகச் செவிலியம் பயின்றவள். குளிப்பாட்டுவதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும், அன்பர் எந்தச் சொல்லால் இழித்தாரோ அந்த வேலையும் அவளே செய்கிறாள். அவள் வர ஒரு நாள் தாமதமானால் வீடே நிலைகொள்ளாமல் தவிக்கிறது. அவளும் ஒரு வீட்டுப் பெண்தான்.

ஆகவே நம் முன் உள்ள கேள்வி தூரத்தைப் பற்றியதன்று. தூரத்தை நம் சமுதாயம் என்றோ கடந்து விட்டது. ஒரே செயல் ஓரிடத்தில் இழிவாகவும் மற்றோரிடத்தில் பெருமையாகவும் தோன்றுவது ஏன் என்பதே கேள்வி. ஒரு தொழிலின் கண்ணியம் செயலில் உள்ளதா, செய்பவரிடத்தில் உள்ளதா, காண்பவர் கண்ணில் உள்ளதா, அல்லது அதற்குக் கிடைக்கும் நாணயத்தில் உள்ளதா?

நம் ஆடவர் வரலாற்றைப் பார்த்தால் விடை ஓரளவு புலப்படும். ஊரில் தன் கடை வாசலைத் தானே பெருக்காதவர் துபாயில் பிறர் கடையைப் பெருக்கினார். ஊரில் ஒரு குவளை நீரைக்கூடத் தானே எடுத்துக் குடியாதவர் சிங்கப்பூரில் நாற்பது பேருக்குச் சமைத்துப் போட்டார். அதில் இழிவேதும் இல்லை; உழைத்தார், உண்டார், அனுப்பினார். ஆனால் ஊர் திரும்பியபின் அத்தர்ப் புட்டியைப் பற்றிப் பேசினோமே தவிர, அந்தத் துடைப்பத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. அயல்நாடு என்பது நமக்கு ஊதியம் தரும் இடம் மட்டுமன்று, ஊரார் பார்வை எட்டாத இடமுமாகும். நாம் வெட்கப்பட்டது வேலைக்காக அன்று, சாட்சிகளுக்காக. இப்போது அதே திரையைப் பெண்மக்களுக்கும் இழுத்துப் பிடிக்கப் போகிறோம்.

செவிலி என்ற சொல்லையே பாருங்கள். பழந்தமிழ் அக இலக்கியத்தில் அவள் வளர்ப்புத் தாய். தலைவி உடன்போக்கில் வீட்டை விட்டுச் சென்றபின் பாலை வழியே தேடி அலைபவள் அவள்தான். போனவள் மகள், ஏங்கியவள் செவிலி. இன்று செவிலியே புறப்பட்டுப் போகிறாள். ஏங்குவதற்கு வீட்டில் எஞ்சியிருப்பவர் யார் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மார்க்கத்தின் பெயரால் இத்தொழிலை மறுப்பவர்கள் மதீனாவின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம். அஸ்லம் குலத்து ருஃபைதா (ரலி) அவர்கள் காயமுற்றோருக்கு மருந்திடுவதையே தம் பணியாகக் கொண்டிருந்தவர். ஹிஜ்ரி 5இல் அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பட்டு வீழ்ந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அவரைக் கொண்டு போகச் சொன்னது அந்த அம்மையாரின் கூடாரத்திற்கே; அக்கூடாரம் பள்ளிவாசலில் இருந்தது. உம்மு அதிய்யா (ரலி), ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) ஆகியோர் போர்க்களத்தில் காயம்பட்டோரைப் பேணியதும் ஹதீது நூல்களில் பதிவாகியுள்ளது. அப்பெண்களுக்குப் போர்ச்செல்வத்திலிருந்து வெகுமதி வழங்கப்பட்டதும் அந்நூல்களிலேயே காணப்படுகிறது. பணிவிடைக்குப் பொருள் பெறுவது பணிவிடையை மாசுபடுத்துவதில்லை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் பணி செய்தது தம் ஊரில், தம் தெருவார் காண, தம் அண்டை வீட்டாருக்கு. திரை எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் நம் முன்னோர் எழுப்பிய மருத்துவமனைகளைப் பற்றி மேடை தோறும் முழங்குகிறோம். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் அமைத்த மருத்துவமனையில் பெண்களுக்குத் தனிப்பகுதி இருந்தது என்பதும் உண்மையே. பழம்பெருமை பேசுவதில் நமக்கு என்றும் பஞ்சமில்லை. ஆயின் அதற்கும் முன்பே இமாம் கஸ்ஸாலி அவர்கள் தம் இஹ்யாவில் மனம் நொந்து எழுதியதை அதே மேடைகளில் நாம் சொல்வதில்லை. மருத்துவத்தை அவர்கள் 'பர்ளு கிஃபாயா' என்னும் கூட்டுக் கடமைகளுள் சேர்த்தார்கள். சிலர் செய்தால் எல்லோர் கடமையும் தீரும். எவரும் செய்யாவிடில் ஊரே குற்றவாளியாகும். அப்படியிருந்தும் பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லை, எல்லோரும் சட்டக் கலைக்கே முண்டியடிக்கிறார்களே என்று அவர்கள் வருந்தினார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வருத்தத்தில் சட்டக் கலை என்பதை நீக்கிவிட்டுப் பொறியியல் என்று எழுதினால் அது இன்று நம் தெருவைப் பற்றியதாகிவிடும்.

நம் ஊர்களுக்கு மிக அண்மையில் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1890களின் தொடக்கம். இடம் திண்டிவனம். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஒருவரின் வீட்டில் அவருடைய இளம் மகள் ஐடா ஸ்கடர் இருந்தார். ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தனர். அந்தப் பெண் வந்து உதவ வேண்டும் என்று மூவரும் கேட்டனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தந்தையார் வருவார் என்று அவர் சொன்னபோது, அந்நிய ஆடவர் எம் பெண்களைத் தொட ஒப்போம் என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூவருள் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம்.

ஐடா தாயகம் சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கியதும், 1909இல் அங்கே செவிலியர் பள்ளி எழுந்ததும், 1946இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்ததும் யாவரும் அறிந்தவை. அந்த மூன்று வீடுகளைப் பற்றித்தான் நாம் அதிகம் எண்ணுகிறோம். நம் சமுதாயத்து அந்தக் கணவர் கேட்டது நியாயமான ஒன்றே. தம் மனைவிக்குப் பெண் ஒருத்தி துணை வர வேண்டும் என்றார். அந்தப் பெண் யார் வீட்டிலிருந்து வருவாள் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகள் சென்றுவிட்டன. இன்றும் நம் வீட்டுப் பெண்களைப் பிரசவத்திற்குச் சேர்க்கும்போது லேடி டாக்டர் இருக்கிறாரா, நர்ஸம்மா இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்கிறோம். நம் பெண்ணுக்குப் பெண் வேண்டும். அவள் மட்டும் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாகாது!

இனி அன்பரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இத்தொழிலை இழிவாகக் கருதுபவர் அவர் ஒருவரல்லர். 2015இல் தமிழக அரசு தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரைத் தொகுப்பூதியத்தில் சேர்த்தது. மாத ஊதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு பணி நிரந்தரம் கேட்டுப் போராட நேர்ந்தது. அதன் பிறகே அத்தொகை உயர்ந்தது. தனியார் மருத்துவமனைகளின் நிலை இதைவிட மேல் என்று சொல்வதற்கில்லை. செந்துறைப் பக்கத்திலிருந்து வரும் அந்தப் பெண், மருத்துவமனை வேலையை விட்டு வீட்டுப் பணிவிடைக்கு வந்ததற்கும் காரணம் ஊதியமே. பெருந்தொற்றுக் காலத்தில் வாசலில் நின்று கைதட்டிய கைகள், சம்பளப் பேச்சு வந்தபோது மடியில் இருந்தன. ஊர் மதியாத தொழிலுக்கு மகளை அனுப்பத் தந்தை தயங்குவது குற்றமாகுமா? ஆனால் அந்த ஊர் என்பதில் அவரும் இருக்கிறார், நாமும் இருக்கிறோம்.

இன்னொன்று. இப்பகுதியில் மருத்துவப் படிப்பு என்பது ஆறாத புண். 2017இல் அரியலூர் மாவட்டம் குழுமூரில், பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 பெற்றும் மருத்துவ இடம் கிடைக்காமல் மறைந்த அனிதாவை இங்கே எவரும் மறக்கவில்லை. 2022இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆயினும் டாக்டராக முடியாதவள் நர்ஸ் என்ற எண்ணம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. மருத்துவம் நோயை நோக்குவது. செவிலியம் நோயாளியை நோக்குவது. ஒன்றில் தோற்றவருக்கு ஆறுதல் பரிசாகக் கொடுக்கத் தக்கதன்று மற்றது.

சரி, வெளிநாட்டில் சென்று படிப்பது என்றால் என்ன? நவீன செவிலியத்தின் தாய் எனப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலே வெளிநாட்டு மாணவிதான். மதிப்புள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு இது தகாது என்று வீட்டார் பல ஆண்டுகள் தடுத்து வைக்க, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்துக்குச் சென்று சில மாதங்கள் பயின்றார். அன்று இங்கிலாந்துச் சீமான் வீட்டில் எழுந்த சொல்லும் நம் அன்பர் வீட்டில் எழுந்த சொல்லும் ஏறக்குறைய ஒன்றே. 1854இல் அவர் பணி செய்து புகழ் பெற்ற இடம் துருக்கியின் உஸ்குதார். அதுவும் அவருக்கு அயல்நாடே. அங்கே கற்றதை அவர் தம் நாட்டுக்குக் கொண்டு வந்தார். 1860இல் லண்டனில் செவிலியர் பள்ளி பிறந்தது.

இன்று கணக்கு வேறு. இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு பெற 4,600 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் பாதியாகிய 2,300 மணி நேரம் மருத்துவமனை முதலிய இடங்களில் நோயாளிகளோடு. வெளிநாட்டு மாணவி ஆண்டுக்கு 15,000 பவுனுக்கு மேல் கட்டணமும் கட்டி, அந்த 2,300 மணி நேரமும் ஊதியமின்றி உழைக்க வேண்டும். அந்நாட்டு மாணவிக்கு 2020 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுன் உதவித்தொகை உண்டு, இவளுக்கு இல்லை. ஜெர்மனியில் முறை மாறுபட்டது. அங்கே மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியில் 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் செய்முறை. பயில்பவருக்கு மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் தருகிறார்கள். ஆனால் ஜெர்மன் மொழியை முதலில் கற்றுத் தேற வேண்டும். கையேட்டின் வண்ணப் படங்களில் இந்த வேறுபாடு எதுவும் இல்லை. பெற்றோர் கேட்டறிய வேண்டியது இதைத்தான். உடையைப் பற்றிய கவலை உள்ளவர்க்கு ஒரு செய்தி: தொற்றுத் தடுப்புக்காக முழங்கைக்குக் கீழ் ஆடை கூடாது என்ற விதியில், பயன்படுத்தி எறியும் மேற்கைகளை அணிய 2010இலேயே இங்கிலாந்து இடமளித்து விட்டது.

கடன் என்பதை நாம் எளிதாக எண்ணலாகாது. வட்டிக் கடன் கூடாது என்பதில் நம் குடும்பங்களுக்கு ஐயமில்லை. அதனால் நிலமும் நகையும் போகின்றன. போனவை திரும்ப வேண்டுமே என்ற சுமை பெண்ணின் தோளில் ஏறுகிறது. 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித்திலிருந்து மீட்கப்பட்ட 46 இந்தியச் செவிலியருள் நாற்பத்தைவர் கேரளத்தவர், ஒருவர் தூத்துக்குடியைச் சேர்ந்தவர். போர் சூழ்ந்தபோதும் அவர்களில் பலர் கிளம்பத் தயங்கியது ஊரில் காத்திருந்த கல்விக் கடனை எண்ணித்தான். கடன்பட்டவளுக்குக் குண்டு விழும் ஓசை கூட மெல்லவே கேட்கும் போலும். 1960களில் திருச்சபை வாயிலாக மேற்கு ஜெர்மனிக்குச் செவிலியம் பயிலச் சென்ற கேரளப் பெண்களின் வரலாறும் உண்டு. தேவைப்பட்டபோது அழைத்தார்கள், 1970களின் பிற்பகுதியில் தேவை குறைந்ததும் பலரைத் திரும்பச் சொன்னார்கள். அழைப்பவர் அழைப்பது கையையே தவிர ஆளை அன்று என்பதை மறக்கலாகாது. நம் பைத்துல்மால்கள் மருத்துவப் படிப்புக்கும் பொறியியலுக்கும் உதவுகின்றன. செவிலியம் படிக்க ஒரு பெண்ணுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்ததாக ஒரு ஜமாஅத்தின் கணக்கிலும் நாம் இதுவரை கண்டதில்லை.

கல்வியை வலியுறுத்த வேண்டிய போதெல்லாம் சீன தேசத்தைச் சொல்லும் பிரபலமான வாக்கியம் ஒன்றை எடுத்து விடுவது நம் வழக்கம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீதுக் கலை வல்லுநர்கள் கூறியிருக்கிறார்கள். அது நிற்க. தாயை விட்டுச் செல்லலாமா என்ற கேள்வி வரும்போது நம்மவர் எடுப்பது உவைஸுல் கர்னீ அவர்களின் வரலாற்றை. யமனிலிருந்த அவர் தம் தாய்க்குப் பணிவிடை செய்ததால் பெருமானாரை நேரில் காணும் பேற்றையே இழந்தார், அதனாலேயே உயர்ந்தார். படுக்கையில் கிடக்கும் பாட்டியை விட்டுவிட்டு யாரோ ஒருவருடைய பாட்டிக்குப் பணி செய்யப் போவதா என்று அன்பரின் மூத்த சகோதரியும் அன்று கேட்டார். நெஞ்சைத் தொடும் கேள்விதான். ஆயினும் நமக்கு ஓர் ஐயம். மூன்று தலைமுறையாக அவ்வூர் ஆண்மக்கள் தாய்மாரை விட்டுக் கடல் கடந்தபோது உவைஸ் அவர்களின் வரலாற்றை எவரேனும் குறுக்கே நிறுத்தினார்களா? தாயின் ஜனாஸாவுக்கு வந்து சேர முடியாமல் அரபு மண்ணில் அழுத மக்கள் எத்தனை பேர்! அன்று சபர் என்று பொறுத்துக் கொண்டோம். மகள் புறப்படும்போதுதான் உவைஸ் அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் ஆண்மகன் அன்றோ?

பொதுப் பணத்தில் இங்கே படித்தவர் வெளியேறுவது தனிக் கேள்வி. பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து முனைந்து ஆள் எடுக்க வேண்டாம் என்று 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு நெறிமுறையே வகுத்தது. உலகில் 58 லட்சம் செவிலியர் குறைவு என்று அந்நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அந்தக் குறையில் நம் பங்கு பெரிது. ஆனால் தன் பணத்தில் அங்கே படிக்கும் பெண் அந்தக் கணக்கில் எவருக்கும் கடனாளியல்லள். அவள் கடன் வேறு வகை. கற்ற கைத்திறனை, அதைக் கேட்டுக் கொண்டிருக்கும் ஊருக்குக் காட்ட வேண்டிய கடன் அது. அதற்கும் ஊர் வழி விட வேண்டும். அயல்நாட்டுச் செவிலியப் பட்டம் இங்கே தானாகச் செல்லாது. தகுதியை ஒப்புநோக்கிப் பதிவு செய்த பின்னரே பணி செய்யலாம். சட்டத்தின் பதிவேட்டில் ஏறுவது முயன்றால் ஆகும். தெருவின் பதிவேட்டில் ஏறுவது அதனினும் கடினம்.

இவ்வளவையும் நாம் அன்பரிடம் அடுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டோம். "மகள் படித்து முடித்துச் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, பெரம்பலூர் மருத்துவமனையிலேயே வேலை பார்க்கிறேன் அத்தா என்று வந்து நின்றால் சம்மதிப்பீர்களா? அந்த வெள்ளை உடுப்போடு அவள் நம் பஸ் நிறுத்தத்தில் நின்றால் உங்களுக்குத் தாழ்வாக இராதா? இராது என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லி அனுப்புங்கள். தூரம் ஒரு பொருட்டன்று. இருக்கும் என்றால், நீங்கள் அனுப்பப் போவது நர்ஸையா, வேறெதையா என்று யோசியுங்கள்."

அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "சம்பந்தம் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ" என்றார். அது நம் கேள்விக்கு விடையன்று. ஆயினும் அவர் பொய் சொல்லவில்லை. லண்டன் என்றால் வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று செந்துறைப் பெண் விடைபெற்றாள். போகுமுன் அன்பரின் மகளை அழைத்து, தலையணையை எங்கே அண்டக் கொடுப்பது, தோளையும் இடுப்பையும் எப்படி ஒருசேரப் பிடித்துத் திருப்புவது என்று மறுபடியும் ஒருமுறை செய்து காட்டினாள். இரவில் இரண்டு மணிக்கொரு தரம் பாட்டியைப் புரட்டிப் படுக்க வைப்பது சில மாதங்களாகவே அந்த மகள்தானாம். இது நமக்குப் புதிய செய்தி. அன்பருக்குப் புதிதன்று, ஆனால் அதை அவர் ஒரு வேலையாக எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கதவோரம் நின்று இருவரையும் பார்த்துக் கொண்டிருந்தார். மேசையிலிருந்த கையேட்டை மகள் எடுத்துப் போய் அலமாரியில் வைத்துவிட்டு, பாட்டிக்குக் கஞ்சி ஆற்ற உட்கார்ந்தாள்.